தம்பியை ஸ்டேஷனில் அடித்தார்கள், எந்த வக்கீலைப் பார்ப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. தக்கலைப் பக்கத்து ஊர். மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு திருட்டு விசாரணை என்று சொல்லி உங்கள் தம்பியை ராத்திரி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு இரவு ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். பிறகு வேறு ஏதோ சின்ன வழக்கைப் போட்டு ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். போலீஸை எதிர்த்து நடத்தக்கூடிய மனித உரிமை வக்கீல் யார், முதல் தடவை போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும், ஃபீஸ் எவ்வளவு, தம்பி வளைகுடாவுக்குப் போக எடுக்கவேண்டிய பாஸ்போர்ட் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். நடுவில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "இங்கே போலீஸுக்கு எதிராக யாராவது வழக்கை எடுப்பார்களா?" மற்ற எல்லாக் கேள்விகளும் இதிலிருந்துதான் வருகின்றன என்று நினைக்கிறேன். எடுப்பார்கள். இந்த மாவட்டத்து நீதிமன்றங்களிலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை பெஞ்சிலும் பல வருடமாக இத்தகைய வழக்குகளை நடத்திவருகிற வக்கீல் நான். தயங்குகிற வக்கீல்கள் பெரும்பாலும் தயங்குவது போலீஸுக்குப் பயந்து இல்லை, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் வருகிற வழக்கைப் பார்த்துத்தான். அதனால் வக்கீலைத் தேடுவது பற்றிச் சொல்வதற்கு முன், தேடி முடிப்பதற்குள் அழிந்துபோகக்கூடிய சாட்சியங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உடம்பு. தம்பியை இதுவரை அரசு ஆஸ்பத்திரியில் காட்டவில்லை என்றால் நாளையே கூட்டிக்கொண்டு போங்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் நல்லது. மூன்று வாரத்தில் கன்றிப்போன தடங்கள் மறைந்திருக்கலாம். எலும்பு விரிசல், காது ஜவ்வு, நகம், உள்ளங்கால் வீக்கம் இதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் மறையாது. டாக்டரிடம் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லக் கூடாது. யார், எங்கே வைத்து, எதனால், எந்தத் தேதியில் அடித்தார்கள் என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். அதன் நகலைத்தான் கோர்ட்டில் ஏ.ஆர். காப்பி என்கிறோம். ஏற்கெனவே தனியார் கிளினிக்கில் காட்டியிருந்தால் அந்தச் சீட்டையும் மாத்திரை வாங்கிய பில்லையும் தேடி எடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கைது செய்யப்பட்டவரை அரசு மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும், அந்த அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும் என்று இப்போது நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு சொல்கிறது. தம்பியை அப்படி எங்காவது கொண்டுபோய் ஒரு டாக்டர் முன்னால் நிறுத்தினார்களா என்று கேளுங்கள். நிறுத்தினார்கள் என்றால் அது எந்த ஆஸ்பத்திரி, அப்போது அவன் என்ன சொன்னான், பக்கத்தில் நின்றது யார் என்பதெல்லாம் வேண்டும். போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள்.

அடுத்தது கேமரா. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா போலீஸ் ஸ்டேஷனிலும் வாசல், வரவேற்பு இடம், லாக்கப், வராந்தா என்று சிசிடிவி வைக்கச் சொன்னது. பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், கருவிக்கு அவ்வளவு திறன் இல்லையென்றால் எந்த நிலையிலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்றது. இது சட்டம். நடைமுறையில் என்ன நடக்கும் என்பதற்கு அதே வருடம் ஜூன் மாதம் நடந்த சாத்தான்குளம் சம்பவமே சாட்சி. அங்கே விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்), தினமும் பதிவு தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்ததாக அறிக்கை கொடுத்தார். ஆகவே வக்கீல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை உள்ள பதிவை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள் என்று நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் தம்பி கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, தபால் ரசீதையும் ஒப்புகையையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தில் யாரையும் திட்டவோ கதை முழுவதையும் எழுதவோ வேண்டாம். நாளைக்குப் பதிவு இல்லை என்று சொன்னால், கேட்ட பிறகும் ஏன் அழிந்தது என்று நீதிபதி அவர்களைக் கேட்பார். வீட்டுப் பக்கத்துக் கடை, ஜங்ஷன், எதிர்வீட்டு வாசல் கேமராக்களில் பெரும்பாலும் சில வாரத்திலேயே பழைய பதிவு போய்விடும். அவர்களிடம் இன்றைக்கே பேசுங்கள்.

எதற்கு இந்த அவசரம் என்றால், உங்கள் வழக்கின் உயிர் நேரக் கணக்கில்தான் இருக்கிறது. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. நீங்கள் சொல்கிறபடி நடந்திருந்தால், கைதுக் குறிப்பில் பிடித்த நேரமாக இரண்டாவது இரவுக்குப் பிந்திய ஒரு நேரத்தைத்தான் எழுதியிருப்பார்கள். வீட்டிலிருந்து கூட்டிப்போன நேரத்துக்கும் காகிதத்தில் இருக்கும் நேரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரூபித்துவிட்டால், அந்த நேரத்தில் உடம்பில் வந்த காயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். அந்த ராத்திரி நீங்கள் யாருக்கெல்லாம் போன் செய்தீர்கள், ஸ்டேஷன் வாசலில் யார் வந்து நின்றார்கள், அம்மா சாப்பாடு கொண்டுபோனபோது வாங்கினார்களா, தம்பி வேலைக்குப் போகாத நாளுக்கு அங்கே வருகைப் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் இதற்குத்தான். வழக்குப் புத்தகங்களில் பெரிய பெயராக இருக்கும் டி.கே. பாசு தீர்ப்பு (1996) கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் எழுதி, குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. அதில் உங்கள் வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டார்களா, போடும்போது நேரம் எழுதியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இனி வக்கீல். போலீஸை எதிர்த்து நடத்துவதற்கென்று தனிச் சான்றிதழோ தனிப் பட்டியலோ நம் நாட்டில் கிடையாது. விளம்பரம் செய்வதும் இந்திய பார் கவுன்சில் விதிப்படி தடை. அதனால்தான் நானும் இங்கே பெயரோ எண்ணோ தரவில்லை. ஆனால் தேடுவதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தளத்தில் மதுரை பெஞ்சின் உத்தரவுகள் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்ட போலீஸ் எதிர்மனுதாரராக இருக்கும் வழக்குகளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு உத்தரவிலும் மனுதாரருக்காக ஆஜரான வக்கீலின் பெயர் இருக்கும். ஒரே பெயர் மூன்று நான்கு இடங்களில் வந்தால் அவர் இந்த வேலையைச் செய்கிறவர். மதுரையில் மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பு 1995 முதல் காவல் சித்திரவதை வழக்குகளில் வேலை செய்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகத்துக்காரர்களையும் கேட்கலாம். பணம் இல்லை என்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் அம்மா மனுதாரராக இருந்தால், பெண் என்பதால் அந்த வழக்குக்கு இது பொருந்தும்.

நம் மாவட்டத்தில் வக்கீலைத் தேடும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது அவர் நம்ம ஆளா, நம்ம சபையா, நம்ம பங்கா என்றுதான். அது புரிகிறது, பயந்திருக்கும்போது தெரிந்த முகம்தான் வேண்டும். ஆனால் இந்த வழக்குக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இருக்கின்றன. அவர் அரசு வக்கீலாக இருக்கிறாரா, முன்பு இருந்தாரா? அந்த ஸ்டேஷன் ஆட்களுக்காக எந்த வழக்கிலாவது ஆஜராகிறாரா? திருட்டுப் புகார் கொடுத்தவருக்கு அவர் வக்கீலா, உறவா? நேராகவே கேளுங்கள். நல்ல வக்கீல் கோபப்பட மாட்டார். "இன்ஸ்பெக்டர் எனக்குத் தெரிந்தவர்தான், நான் பேசிக்கொள்கிறேன்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவரிடம் வக்காலத்து கொடுக்காதீர்கள். "நிச்சயம் இத்தனை லட்சம் வாங்கித் தருகிறேன்" என்பவரிடமும் வேண்டாம்.

உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வக்கீல் தேவைப்படும். தம்பி மேல் போட்ட வழக்கைப் பத்மநாபபுரத்திலோ இரணியலிலோ, அது எந்தக் கோர்ட்டோ அங்கே நடத்த ஒருவர். மதுரையில் ரிட், அதாவது அடிப்படை உரிமை மீறலுக்கு நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, போட ஒருவர். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியே ஆக வேண்டும். மதுரையில் தாக்கல் செய்யும் பிரமாண வாக்குமூலத்தில் "வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி" என்றும் இங்கே குறுக்கு விசாரணையில் "சனிக்கிழமை விடியற்காலை" என்றும் வந்தால், அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்தே முழு வழக்கையும் உடைப்பார்கள்.

முதல் சந்திப்புக்குத் தம்பியும் கண்டிப்பாகப் போக வேண்டும். அடிபட்டவனை வீட்டில் உட்கார வைத்துவிட்டு மாமாவும் சித்தப்பாவும் ஊர்த் தலைவரும் வந்து கதை சொல்வது அடிக்கடி நடக்கிறது. கேட்ட கதையை வைத்து வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாது. தம்பியோடு நீங்கள் ஒருவர் போதும். வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வது ரகசியம் என்று சட்டம் பாதுகாக்கிறது. அறைக்குள் ஊரே உட்கார்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பைப் பிறகு வாதாடித்தான் பெற வேண்டியிருக்கும்.

போகும் முன் தம்பி தன் வாயால் சொல்லச் சொல்ல ஒரு தாளில் நாள், நேரம், இடம், வந்தவர்கள், நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தெரியாத இடத்தை நிரப்பாதீர்கள், அவனுக்கு நேரம் நினைவில்லை என்றால் "நினைவில்லை" என்றே எழுதுங்கள். அடித்தவர் பெயர் தெரியாவிட்டால் ஊரில் கேட்டு ஒரு பெயரை எழுதிவிடக் கூடாது. உயரம், மீசை, சட்டையில் இருந்த பட்டை, மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது போதும். எழுதிய பெயருக்குரியவர் அன்று விடுப்பில் இருந்தார் என்று பதிவேடு காட்டிவிட்டால் உண்மையான அடியும் பொய்யாகிவிடும். தாளின் மேல் "வக்கீலுக்காக" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். பொதுவெளியில் போட்ட ஒவ்வொரு வரியும் பிறகு எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்.

கூடவே எடுத்துப்போக வேண்டியவை: தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் இறக்கிக்கொள்ளக்கூடிய எஃப்.ஐ.ஆர். நகல், கைதுக் குறிப்பு, ஜாமீன் பத்திரம், மருத்துவச் சீட்டுகள், நீங்கள் எங்காவது மனு கொடுத்திருந்தால் அதன் ரசீது. காயத்தைப் போட்டோ எடுத்திருந்தால் எடுத்த போனையே கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படத்தில் எடுத்த நேரம் போன்ற விவரங்கள் போய்விடும். மின்னணுச் சாட்சியத்துக்கு இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்கீழ் சான்று தர வேண்டியிருப்பதால் அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். தம்பி மேல் பழைய வழக்கு, பெட்டி கேஸ், குடிபோதை கேஸ் எது இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதை எதிர்த்தரப்பு வாயிலாக வக்கீல் கேட்கும்படி விடக் கூடாது. பழைய வழக்கு இருப்பவரை அடிக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சாதிச் சான்றிதழும் வேண்டும். பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வருகிறது, நிவாரணத் தொகையும் பாதிக்கப்பட்டவருக்கான தனி உரிமைகளும் அதில் உண்டு. இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும், நம் மாவட்டத்தில் பல குடும்பங்களைத் தொடுவது அது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவர் என்று சான்றிதழ் இருந்தால் இந்தச் சட்டம் கிடைக்காது. காணி மக்களைப் போன்ற பழங்குடியினருக்கு மதம் தடையில்லை. சட்டம் கிடைக்காவிட்டாலும் அடித்ததற்கான வழக்கும் இழப்பீட்டு மனுவும் எந்த வகையிலும் குறைவதில்லை.

வக்கீல் உங்களிடம் கேட்கப்போகும் பெரிய கேள்வி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது. இதை வீட்டில் பேசிவிட்டுப் போங்கள். இழப்பீடு வேண்டும் என்றால் மதுரை பெஞ்சில் ரிட், அல்லது மாநில மனித உரிமை ஆணையம். அரசு ஊழியர் உரிமையை மீறினால் அரசே இழப்பீடு தர வேண்டும் என்பது 1993இல் நீலபதி பெஹெரா வழக்கில் உறுதியானது. அடித்தவருக்குத் தண்டனை வேண்டும் என்றால் எஃப்.ஐ.ஆர்., மறுத்தால் எஸ்.பி.க்கு மனு, பிறகு நடுவர் நீதிமன்றம். தம்பி மேல் உள்ள வழக்கு ஒழிந்தால் போதும் என்றால் அதை ரத்து செய்யும் மனு. மூன்றும் வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எதை முன்னால் வைப்பது என்பதைப் பொறுத்து மற்றதெல்லாம் மாறும். உதாரணமாக ஆணையத்துக்கு வக்கீலே வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆனால் கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் விஷயம் என்று சொல்லி மனுவைத் திருப்பிவிடக்கூடும். எனவே எதை முதலில் தாக்கல் செய்வது என்று வக்கீலிடம் கேட்காமல் எதையும் அனுப்ப வேண்டாம், மேலே சொன்ன கேமராக் கடிதத்தைத் தவிர.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது காலக்கெடு. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஆணையம் விசாரிக்க முடியாது. சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு கேட்கவும் விடுவித்த நாளிலிருந்து ஒரு வருடம்தான், அதற்கு முன் அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ் வேறு. உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த முன் அனுமதி வேண்டும் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதிடும். லாக்கப்பில் அடிப்பது அலுவல் கடமை ஆகாது என்று சொன்ன தீர்ப்புகள் உண்டு, ஆனால் அந்த வாதமே சில வருடங்களைத் தின்னும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. அப்படியும் பணம் கைக்கு வர மறுபடி மனுப் போட வேண்டிவரலாம். இழப்பீடு எவ்வளவு என்று உங்கள் கேள்வியை மட்டும் படித்து யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். பழங்குடி மக்கள் மீது அரசு ஊழியர்கள் நடத்திய வாச்சாத்தி கொடுமை 1992இல் நடந்தது, தீர்ப்பு 2011இல் வந்தது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். உங்கள் வழக்கு அவ்வளவு காலம் ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் முடியும் என்ற எண்ணத்தோடு இறங்க வேண்டாம்.

ஃபீஸ் விஷயம் சுருக்கமாக. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவது அமெரிக்காவில் நடைமுறை, யூடியூபில் பார்த்திருப்பீர்கள். இங்கே வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும் கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவா, டைப்பிங், நகல் செலவு, மதுரைப் பயணச் செலவு தனியா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். வக்காலத்தைத் தவிர எதில் போட்டாலும் படித்துப் பார்த்துப் போட்டு, ஒரு நகல் வாங்குங்கள். பிறகு வக்கீலை மாற்ற நேர்ந்தால், ஃபீஸ் பாக்கி என்று சொல்லி உங்கள் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது.

கடைசியாகப் பாஸ்போர்ட். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருக்கும் நிலையும், குற்றப்பத்திரிகையைக் கோர்ட் கோப்பில் எடுத்த நிலையும் வேறு வேறு. பாஸ்போர்ட் சட்டம் 6(2)(f) மறுக்கச் சொல்வது குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பவருக்கு. அப்போதும் அந்தக் கோர்ட்டில் அனுமதி வாங்கினால் குறிப்பிட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட் கிடைக்க 1993ஆம் ஆண்டு அறிவிப்பு வழி வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் வழக்கை மறைக்கவே கூடாது. மறைத்தது தெரிந்தால் அதுவே தனிக் குற்றம். போலீஸ் சரிபார்ப்புக்கு அதே ஸ்டேஷனிலிருந்துதான் வருவார்கள் என்பதால், "புகாரை வாபஸ் வாங்கு, வழக்கை முடித்து பாஸ்போர்ட்டுக்கு வழி செய்கிறோம்" என்ற பேச்சு உங்கள் வீட்டுக்கு வரக்கூடும். பங்குத்தந்தை வழியாகவோ, சமுதாயத் தலைவர் வழியாகவோ, கட்சிக்காரர் வழியாகவோ, நல்லெண்ணத்தோடேகூட வரலாம். வந்தவரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், அந்த ஆளின் பெயரையும் வந்த தேதியையும் நீங்கள் எழுதிய தாளின் கடைசியில் சேர்த்துவிட்டு வக்கீலுக்கு அன்றே போன் செய்யுங்கள்.